நூற்றெண்பத்தெட்டுப் பேர் நடந்த ஊர்வலம்

எங்கள் ஊரில் கெட்ட மனிதர் என்று எவரும் செத்ததில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெயர் ஆல்டன் மேபரி. அமெரிக்காவின் தெற்கே, எங்கள் கோல்வெல்லில் கறுப்பர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் எங்கள் அடக்க நிலையத்துக்கு வரும், இரண்டாவது போதகருக்கு. குளிப்பாட்டுவது, உடுத்துவது, கார் வரிசை எல்லாம் என் தம்பி பொறுப்பு. அவனுக்குத் தொழில் தெரியும். எனக்குத் தெரிந்தது வாய்ஜாலம் மட்டும் என்பதால், அடக்க ஆராதனைத் தாளில் அச்சாகும் ஜீவிய சரித்திரத்தை என்னிடம் விட்டிருக்கிறான். குடித்தே போனவரை 'கலகலப்பான சுபாவம் உள்ளவர்' என்பேன். பெண்டாட்டியை விட்டுவிட்டு டெட்ராய்ட்டுக்கு ஓடியவர் 'பயணங்களில் விருப்பமுள்ளவர்'. ஊரில் ஒருத்தரோடும் ஒத்துப்போகாத கிழவி 'தன் கொள்கையில் உறுதியானவர்'. குடும்பம் முன்பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்து அழும். நானும் சில சமயம் அழுதிருக்கிறேன், என் நடை அப்படி.

ஆனால் எல்லா வாழ்க்கையும் ஒரு பக்கத்துக்குக் காணாது. பிறந்தார், ஞானஸ்நானம் பெற்றார், காகித ஆலையில் வேலை பார்த்தார், பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடினார் என்று எழுதிய பிறகும் பாதித் தாள் வெள்ளையாகக் கிடக்கும். அப்போது ஒரு வரி சேர்ப்பேன்: '1964 ஜூன் மாதம் உரிமை கேட்டு நீதிமன்றத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தில் இவரும் நடந்தார்.' உப்பு மாதிரி. எதில் போட்டாலும் கொஞ்சம் ருசி கூடும். யாரும் வந்து 'எங்கப்பா நடக்கவில்லையே' என்று சொன்னதில்லை. சொல்ல யாருக்கு மனசு வரும்?

எங்கள் ஆட்கள் அந்தத் தாள்களை எறிய மாட்டார்கள். பைபிளுக்குள், அலமாரி இழுப்பறையில், செருப்புப் பெட்டியில் வருஷக்கணக்காக அடுக்கி வைப்பார்கள். இந்தப் பழக்கம் எனக்கு நன்றாகவே தெரியும். அதில் இருக்கும் ஆபத்துதான் தெரியாமல் போயிற்று.

பிப்ரவரி மாதம் மவுண்ட் நீபோ சபையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைப்போம். தலைப்பு வருஷம்தோறும் ஒன்றேதான்: கறுப்பர் வரலாறும் நம் உரிமைப் போராட்டமும். கட்டுரையில் பெயர் இருக்காது, எண் மட்டும். பெயர் மூடிய உறைக்குள் இருக்கும். முதல் பரிசு வாங்கிய பிள்ளை கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் நின்று முழுக் கட்டுரையையும் வாசிக்கும். எங்கள் சபையில் பன்னிரண்டு வருஷம் மூப்பராக இருந்தவருக்குக்கூட அந்தப் பீடத்தில் ஏற அனுமதி கிடையாது. பரிசைவிட அதற்குத்தான் போட்டி.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் ஃபெஸ் ஓகிள்ட்ரீ. பழைய தலைமையாசிரியர், எழுபது வயது. அந்தக் காலத்தில் வாத்தியார்களை நாங்கள் 'புரொபசர்' என்போம், அது தேய்ந்து ஃபெஸ் ஆகிவிட்டது. இன்னொருவர் மிஸ் வெர்னெல் கேஸ்கின்; கல்யாணமான பெரியவர்களையும் எங்கள் ஊரில் மரியாதைக்கு 'மிஸ்' என்போம். ஞாயிறுதோறும் வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக ஆலய வாசலில் நின்று, யார் எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பவர். மூன்றாவது ஆள் நான். வெற்றிக் கோப்பை எங்கள் அடக்க நிலையத்தின் உபயம் என்பதால் இடம் கிடைத்தது.

இந்த வருஷம் இருபத்திரண்டு கட்டுரைகள். வியாழக்கிழமை, காலை ஒரு அடக்கத்துக்கும் மாலை ஒரு அடக்கத்துக்கும் நடுவில், காபியோடு படிக்க உட்கார்ந்தேன். பத்தொன்பது கட்டுரைகள் ஒரே மாதிரி ஆரம்பித்தன. ஒன்று கூடைப்பந்து பற்றியது. ஒன்றை அப்பா எழுதியிருந்தார், கையெழுத்தே காட்டிக்கொடுத்தது. அப்புறம் பதினாலாம் நம்பர்.

தலைப்பே என் காபியை ஆறவைத்துவிட்டது: 'அறுபத்தொரு பேர் நூற்றெண்பத்தெட்டுப் பேர் ஆனது எப்படி?'

அந்தப் பிள்ளை நீதிமன்றத்துக்குப் போய், 1964-ஆம் வருஷத்துச் சிறைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறது. அன்று நடந்தவர்களை ஒருவர் பாக்கியில்லாமல் கைது செய்தார்கள். சிறையில் இடம் போதாமல் மூன்று நாள் மாட்டுச் சந்தைக் கொட்டகையில் அடைத்தார்கள். பதிவேட்டில் அறுபத்தொரு பெயர். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வீடு வீடாகப் போய், செருப்புப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, நானூற்றுப் பன்னிரண்டு அடக்க ஆராதனைத் தாள்களைப் படித்திருக்கிறது. அதில் ஊர்வலத்தில் நடந்ததாக எழுதப்பட்டவர்கள் நூற்றெண்பத்தெட்டுப் பேர். பதிவேட்டில் இருப்பவர்கள் அதில் முப்பத்தெட்டுப் பேர்தான்.

'ஆகவே மீதி நூற்றைம்பது பேர் இறந்த பிறகு ஊர்வலத்தில் சேர்ந்தவர்கள்' என்று எழுதியிருந்தது. 'நம் ஊரில் சாவு கூடக்கூட அந்த ஊர்வலம் நீண்டுகொண்டே போகிறது.'

நகைச்சுவை என் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பக்கம் இன்னும் மோசம். உண்மையில் நடந்து, கைதாகி, பிறகு இறந்துபோன ஒன்பது பேரின் தாள்களில் ஊர்வலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரூபி லீ சாம்பிள் என்று ஒரு சலவைக்காரம்மா. பதிவேட்டில் அவர் பெயர் ஏழாவது. அவருக்கு நான் எழுதியது 'பூச்செடிகளை நேசித்தார்'. அந்தம்மா என்னிடம் சொல்லவேயில்லை, நானும் கேட்கவில்லை. நடந்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கடைசியில் நூற்றைம்பது பெயர்களும் அகரவரிசையில். விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். கேஸ்கின், ராஸ்கோ. மிஸ் வெர்னெலின் புருஷன்.

ராஸ்கோ இறந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்தத் தாளில் அரைப்பக்கம் காலியாக இருந்தது, வழக்கமான வரியைப் போட்டேன். மற்றவர்களுக்குப் போட்டதற்கும் அவருக்குப் போட்டதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மற்றவர்கள் நடந்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ராஸ்கோ நடக்கவில்லை என்று தெரியும். அடக்கம் முடிந்து கல்லறையில் மிஸ் வெர்னெல் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நன்றி, பிரதர் மேபரி" என்றார். கையுறை நனைந்திருந்தது. சவப்பெட்டி அவருக்குப் பிடித்துவிட்டது போல என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை சபையின் சாப்பாட்டுக்கூடத்தில் கூடினோம். மிஸ் வெர்னெல் பவுண்ட் கேக் கொண்டுவந்திருந்தார். துண்டு போட்டு எங்கள் முன்னால் வைத்தார், தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுரைகளை அவரும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஒன்றும் தெரியாது.

"பதினாலாம் நம்பர்," என்றார் ஃபெஸ் கேக்கை மென்றுகொண்டே. "வேற பேச்சே வேண்டாம். வீட்டுக்குப் போலாம்."

"அவசரப்படாதீங்க ஃபெஸ்," என்றேன். "விதியில ஓரம் ஒரு அங்குலம் விடணும்னு இருக்கு. இது முக்கால்தான் இருக்கு, நான் அளந்து பாத்தேன்."

"அளந்து பாத்தியா? என் கிளாஸ்ல இருந்தப்ப நீ எதையாவது அளந்து நான் பாத்ததில்லையே."

"அதில்ல. சின்னப் பிள்ளைங்க போட்டி இது. நூத்தம்பது குடும்பத்துப் பேரைப் பீடத்துல நின்னு வாசிச்சா ஜனங்க மனசு என்ன ஆகும்?"

"அவங்க மனசா, உன் மனசா?"

"எனக்கென்ன?"

"அந்தத் தாளெல்லாம் வானத்துல இருந்தா விழுந்துச்சு? முக்காவாசி உன் கையில இருந்துதானே வந்துச்சு."

மிஸ் வெர்னெலைப் பார்த்தேன். கேக் கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெகு நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் இன்னொரு கட்டுரையை, கூடைப்பந்துக் கட்டுரையை, புகழ ஆரம்பித்தேன். அதில் பந்து என்பது விடுதலையின் அடையாளம் என்று நானே கண்டுபிடித்து இரண்டு நிமிஷம் பேசினேன். என் வாயைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதற்குள் வெளியே ஹாரன் சத்தம். வாலிபர் குழுவின் வேன் வெளியே போக முடியாமல் நின்றது.

"ஃபெஸ்! உங்க பியூக் காரை எடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

ஃபெஸ் முனகிக்கொண்டே எழுந்து போனார். கார் நிறுத்துவதிலும் அவர் வாத்தியார்தான். மூன்று தடவை திருத்தாமல் விட மாட்டார். கதவு மூடியதும் மிஸ் வெர்னெல் கத்தியைக் கீழே வைத்தார்.

"ராஸ்கோ தாள்ல அந்த வரியை எழுதச் சொன்னது யாரு, பிரதர் மேபரி?"

"யாரும் சொல்லல."

"நானும் சொல்லல. அதனாலதான் கேக்கறேன். நீ எதையோ தெரிஞ்சு எழுதினேன்னு நான் நெனச்சுட்டேன்."

நான் கேக்கைப் பார்த்தேன். கேக் உதவவில்லை.

"உனக்கு ஒண்ணு சொல்றேன்," என்றார். "அந்த ஊர்வலத்தன்னிக்கு ராஸ்கோ காலைல ஆலைக்குப் போறேன்னு சாப்பாட்டு டப்பாவை எடுத்துட்டுப் போனாரு. பத்து மணிக்கு ஆலையிலருந்து ஆள் வந்து, 'உன் புருஷன் எங்கே, ஏன் வேலைக்கு வரல'ன்னு கேக்கறான். சாயங்காலம் வந்தாரு. கால்சட்டை இடுப்பு வரைக்கும் ஈரம். எங்க போனீங்கன்னு கேட்டேன். ஆலைக்குன்னாரு. என் முகத்தைப் பாத்துப் பொய் சொன்னாரு. கல்யாணமாகி அஞ்சு மாசம்."

"மிஸ் வெர்னெல்..."

"குறுக்க பேசாதே. அன்னிக்கு மறுநாள் லூசில் பக்ஸ்டன் என்னைப் பாத்துச் சிரிச்சா. இவகூடத்தான் இருந்திருக்காருன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் இருபத்தாறு வருஷம் அவர்கூட வாழ்ந்தேன், சமைச்சேன், நாலு பிள்ளை பெத்தேன். ஆனா அந்த ஒரு நாளை நான் விடல. அவரு செத்தப்ப கல்லறைக் கல்லுல பேரும் தேதியும் மட்டும் போதும்னு சொல்லி வச்சிருந்தேன். அப்புறம் முன்பெஞ்சுல உக்காந்து உன் தாளைப் படிச்சேன்."

மேஜைமேல் கிடந்த கேக் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தார்.

"நடந்திருக்காரு, கைதாகாம தப்பிச்சு வந்திருக்காரு, ஆலைக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு எங்கிட்டக்கூட மறைச்சிருக்காருன்னு எல்லாத்தையும் நானே சேத்துக்கிட்டேன். சவப்பெட்டி மூடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். கல்லுல 'அன்புக் கணவர்'னு சேக்கச் சொன்னேன். இப்ப இந்தப் பிள்ளை வந்து, நடந்தவங்க எல்லாரையும் பிடிச்சாங்க, பேரு இல்லைன்னா நடக்கலைன்னு எழுதுது. அப்ப அவர் எங்க இருந்தாரு, ஆல்டன்?"

'பிரதர்' போய்விட்டது. எனக்குத் தப்பிக்க ஒரு வழி கண்ணெதிரே இருந்தது. பதிவேடு எழுதிய குமாஸ்தா ஒன்றிரண்டு பேரை விட்டிருப்பான் என்று சொன்னால் முடிந்தது. என் தொழிலில் இது ஒரு நிமிஷ வேலை. அந்த அம்மாளுக்கு ராஸ்கோவும் திரும்பக் கிடைப்பார், எனக்கும் மானம் மிஞ்சும், பதினாலாம் நம்பரையும் கவிழ்த்துவிடலாம். வாயைத் திறந்துகூட விட்டேன். ஆனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை எழுதி ஏமாற்றியாயிற்று. இப்போது முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்தில்தான் தைரியம்.

"ஓடையில இருந்தாரு," என்றேன். "என்கூட."

"என்ன?"

"முந்தின நாள் ராத்திரிக் கூட்டத்துல யார் யார் வர்றீங்கன்னு கேட்டப்ப நாங்க ரெண்டு பேரும் கை தூக்கினோம். எனக்கு அப்ப பதினேழு வயசு. காலைல ஒண்ணாத்தான் கிளம்பினோம். ஆலைக்குன்னு அவர் உங்ககிட்டச் சொன்னது, நீங்க பயப்படக்கூடாதுன்னு. சபைக்குப் போற வழியில பாலத்துக்கிட்ட ஷெரீஃப் வண்டிங்க நின்னுச்சு. பின்னாடி நாய்ங்க. ஒரு நாய் எங்களைப் பாத்துக் குரைச்சுது. எங்களைத்தான்னு இல்ல, சும்மா குரைச்சுது. நாங்க திரும்பினோம்."

"திரும்பி?"

"ஓடைக்கு இறங்கிட்டோம். மரத்தடியில நாள் முழுக்க உக்காந்திருந்தோம். மத்தியானம் ஒரு லாரிச் சத்தம். பிடிக்க வந்துட்டாங்கன்னு தண்ணிக்குள்ள இறங்கி, மர வேருக்கு நடுவுல இடுப்பளவு தண்ணியில ஒரு மணி நேரம் நின்னோம்."

"யாரு வந்தது?"

"தர்ப்பூசணி விக்கறவன்."

மிஸ் வெர்னெல் கேக் கத்தியைத் தள்ளி வைத்தார்.

"அப்பவும் நாங்க ஏறி வரல," என்றேன். ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "அவர் அழுதாரு. நானும் அழுதேன். உங்க சாப்பாட்டு டப்பாவுல இருந்த கோழியைப் பாதிப் பாதியா சாப்பிட்டோம். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. முக்கியமா உங்ககிட்ட. அவர் செத்தப்ப, அவருக்கு அந்த ஒரு நாளையாவது மாத்தித் தரலாம்னு தோணுச்சு. எனக்கும் சேத்துத்தான்."

"பொம்பள யாரும் இல்ல?"

"நான் மட்டும்தான்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டினேன். எங்கள் தொழிலில் கைக்குட்டை எப்போதும் பையில் இருக்கும். தள்ளிவிட்டார். சிரிப்பா அழுகையா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

"பயம்," என்றார். "வெறும் பயம். வீட்டுக்கு வந்து 'வெர்னெல், எனக்குப் பயமா இருந்துச்சு'ன்னு சொல்லியிருந்தா நான் கால்சட்டையைத் துவைச்சுப் போட்டுட்டுச் சோறு போட்டிருப்பேன். இருபத்தாறு வருஷம், ஆல்டன்! பாவம், அந்த லூசில் எதுக்குச் சிரிச்சாளோ!"

"பல்லு புதுசாக் கட்டியிருந்தா," என்றேன். அது எனக்கு நினைவிருந்தது.

ஃபெஸ் உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கேக் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"பதினாலாம் நம்பருக்கு என் ஓட்டு," என்றார் மிஸ் வெர்னெல். "ஆனா அந்தப் பட்டியலையும் சேத்து வாசிக்கணும். ஒரு பேரு விடாம."

"எனக்கும் அதுதான்," என்றேன். "ஃபெஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நானும்..."

"தெரியும்டா," என்றார் ஃபெஸ். "ரெண்டு ரெண்டு பேரா நிக்கவச்சாங்க. எனக்குப் பக்கத்துல உன் இடம். சபை வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் பாத்தேன், அப்புறம் கை வீசிக்கிட்டுத் தனியா நடந்தேன். வசதியாத்தான் இருந்துச்சு."

"நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையே!"

"நீ பதினேழு வயசுப் பய. கேட்டு என்ன செய்ய?" கேக்கில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். "நான் செத்தா இதையெல்லாம் தாள்ல எழுதித் தொலைக்காதே."

உறையைப் பிரித்தோம். கீயோன்னா டில்லர்ட், பதினாறு வயது. அப்போதுதான் ஃபெஸ் பட்டியலைத் திருப்பிப் பார்த்து ஓரிடத்தில் விரல் வைத்தார்: டில்லர்ட், ஓட்டிஸ். அவளுடைய சொந்தக் கொள்ளுத்தாத்தா. அவருக்கும் எழுதியது நான்தான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் பீடத்தில் ஏறினாள். கண்ணாடி, பல்லில் கம்பி, கையில் ஒன்பது தாள். வாசிப்பதற்கு முன்னால் போதகர் அனுமதியோடு நான் எழுந்து, அந்த வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவன் நான் என்றும், அன்று நான் இருந்த இடம் ஓடை என்றும் சொன்னேன். ராஸ்கோவின் பெயரைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான் அல்ல. ஒரு நகைச்சுவையும் தயார் செய்து வைத்திருந்தேன். வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அறுபத்தொரு பெயரை வாசித்தபோது, உயிரோடு இருக்கும் பதினாலு பேரில் சபைக்கு வந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஃபெஸ் கடைசியில்தான் எழுந்தார், முழங்கால் வலி. ரூபி லீ சாம்பிள் பெயர் வந்ததும் பின்பெஞ்சில் ஒரு பெண், "எங்கம்மாவா?" என்று சத்தமாகவே கேட்டாள். பிறகு நூற்றைம்பது பெயர். ஓட்டிஸ் டில்லர்ட்டை வாசிக்கையில் அவள் குரல் ஒன்றும் மாறவில்லை. ஒரு மூப்பர் பாதியில் வெளியே போனார். அவருடைய வீட்டு அடக்கம் இனி எங்களுக்கு வராது என்று தம்பி என் விலாவில் இடித்தான். கேஸ்கின் என்று வந்தபோது மிஸ் வெர்னெல் நடுப்பாதையில், வெள்ளைக் கையுறையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, எப்போதும் நிற்பதுபோல நின்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எதிரே உட்கார்ந்து கைப்பையைத் திறந்து ராஸ்கோவின் பழைய தாளை மேஜைமேல் வைத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

"இதைப் புதுசா அடிக்கணும்."

"பத்தொன்பது வருஷம் ஆச்சே, மிஸ் வெர்னெல்."

"அதுக்கென்ன? அவர் எங்கயும் போகலையே. நான் சொல்றேன், நீ அடி. எதையும் சேக்காதே."

அடித்தேன். '1964 ஜூன் மாதம் ஊர்வலம் நடந்த அன்று இவருக்குப் பயமாக இருந்தது. ஓடையில் ஒதுங்கி நின்றார்.'

எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஒதுங்கி இல்ல. ஒளிஞ்சு."

மாற்றினேன்.

"கூட யாரு இருந்தான்னும் போடு. பேரோட. ஊருக்குத் தெரியணும், அவர் எந்தப் பொம்பளகூடவும் இல்லைன்னு."

'உடன் ஆல்டன் மேபரியும் ஒளிந்திருந்தார்.' ஒருவன் உயிரோடு இருக்கும்போதே ஜீவிய சரித்திரத்தில் இடம் பிடிப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

"எத்தனை பிரதி?"

"இருநூறு. முதல் தாளை வாங்கிட்டுப் போன எல்லாருக்கும் நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். லூசிலுக்கு முதல்ல." கொஞ்சம் யோசித்தார். "லூசில் முகத்தை என்னால பாக்க முடியாது, அவளுக்கு ஃபெஸ் குடுக்கட்டும்."

"அட்டையில படம்? வேற ஏதாவது இருந்தா தாங்க."

மிஸ் வெர்னெல் பழைய தாளைத் திருப்பி அட்டையைப் பார்த்தார். ராஸ்கோ ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியில், கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே படம் போடு," என்றார். "ஆள் மாறலையே."